தொழும் குன்றும் உழைக்கும் குன்றும்

“தம்பி! இது நம்ம தறி!”

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்திலே முப்பது ஆண்டுகளாகத் தறிக்குழியில் காலை வைத்து உட்கார்ந்து பழகிய என் நண்பர், பிரான்சு நாட்டு லியோன் நகரத்திலே, ஓர் அருங்காட்சியகத்தின் நடுவில் நின்றபடி, சுற்றியிருந்தோர் திரும்பிப் பார்க்குமளவு உரத்த குரலிலே கூவிய சொல் இது.

முதலில் எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. அங்கே எல்லோரும் மெல்லப் பேசுகிறார்கள். நாங்களோ சட்டைக்குமேல் சட்டை மாட்டிக்கொண்டு, காதைச் சுற்றிக் கம்பளி கட்டிக்கொண்டு நிற்கிறோம். ஆனால் அவர் விரல் நீட்டிய திக்கைப் பார்த்தேன். வெட்கம் போயிற்று, வியப்பு வந்தது. மேலே ஜக்கார்டுப் பெட்டி. துளையிட்ட அட்டைகள் ஒன்றோடொன்று கோத்து மாலைபோலத் தொங்குகின்றன. கீழே பாவு, பண்ணை, மிதி, நாடா! காலடியில் குழி மட்டுந்தான் இல்லை. மற்றபடி, எங்கள் தெருத் திண்ணையைத் தாண்டி உள்ளே போனால் என்ன காண்போமோ, அதையே கண்டோம்.

தோழர்களே! அந்தக் கதையைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்தேன். ஈபில் கோபுரம் எத்தனை அடி, அரண்மனைக்கு எத்தனை அறை என்று அளந்து சொல்லும் பயணக்கதை உங்களுக்கு எதற்கு? உழைப்பவன் ஊர் விட்டு ஊர் போனால், அங்கே உழைப்பவன் எப்படி இருக்கிறான் என்றுதான் கேட்பான். நாங்களும் அதைத்தான் கேட்டோம்.

போனது எப்படி என்பீர்கள். நண்பரின் அக்காள் புதுச்சேரியில் வாழ்க்கைப்பட்டவர். 1962-ல் அங்கே பிரெஞ்சு ஆட்சி சட்டப்படி முடிவுக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்களில் அவருடைய புகுந்த வீடும் ஒன்று. அக்காள் மகனுக்குப் பாரிசிலே வேலை, அங்கேயே திருமணம். “மாமன் நெய்த புடவையைத்தான் பெண் கட்டவேண்டும்” என்று பையன் பிடிவாதம் பிடித்தான். புடவையை நெய்து முடித்த நண்பருக்குத் தனியே விமானம் ஏற அச்சம். “நீயும் வா தம்பி! மேடையிலே பேசறவன் நீ, எங்கே போனாலும் பேசிச் சமாளிப்பே” என்றார். பள்ளிப் படிப்போடு நின்றவன் நான். பிரெஞ்சு மொழியில் ஓர் எழுத்தும் அறியேன். ஆனாலும் கட்டி வந்த சீட்டை எடுத்தேன், கிளம்பினேன். இருவருக்கும் அதுவே முதல் பயணம்.

திருமணம் முடிந்தது. “மாமா, என்ன பார்க்கணும்? கோபுரமா, அரண்மனையா?” என்று கேட்டான் மாப்பிள்ளை.

“பட்டு நெய்யற ஊரு ஒண்ணு இருக்காமே, அதைக் காட்டு” என்றார் மாமன்.

“லியோன். வேக ரயிலில் இரண்டு மணி நேரம்” என்றான் அவன். மறுவாரமே எங்களை அழைத்துச் சென்றான். எங்களுக்கு வாயும் செவியும் அவனே.

ரயிலில் போகும்போது என் நினைவு பின்னோக்கி ஓடிற்று. 1931 டிசம்பரில், தந்தை பெரியார் நண்பர் எஸ்.இராமநாதனோடு சென்னையிலிருந்து கப்பலேறி ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார். அந்த இருவரும் 1925-ல் நம் காஞ்சிபுரத்து மாநாட்டிலே வகுப்புரிமைக்காக ஒன்றாய் நின்றவர்கள். ஐரோப்பா போனவர் அரண்மனை வாசலில் நின்று வாய் பிளந்தாரா? இல்லை! 1932 ஜூனில், இங்கிலாந்தின் மெக்ஸ்பரோவிலே கூடிய தொழிலாளர் கூட்டத்தில், இந்தியச் சுரங்கத் தொழிலாளிக்குக் கொடுக்கப்படும் கூலியை எடுத்துச் சொல்லி, அந்நாட்டுத் தொழிற்கட்சியையே கேள்வி கேட்டார். பயணம் போகிறவனுக்கு அது ஒரு பாடம். அந்தப் பாடத்தை மடியில் கட்டிக்கொண்டுதான் லியோனில் இறங்கினேன்.

இரண்டு ஆறுகள் கூடும் ஊர் லியோன். ரோன் ஓர் ஆறு, சோன் ஓர் ஆறு. கி.மு. 43-ல் ரோமானியர் அமைத்த நகரம். அவர்களுடைய கல் அரங்கம் இன்றும் குன்றின்மேல் கிடக்கிறது. குன்றுகள் இரண்டு. ஒன்றின் பெயர் பூர்வியேர். அதன் உச்சியிலே மாதா கோயில், வெள்ளை வெளேரென்று. மற்றொன்றின் பெயர் குருவா-ரூஸ். அங்கே கோபுரம் இல்லை. அடுக்கடுக்காய் வீடுகள், வீடுகளெல்லாம் ஒரு காலத்தில் தறிகள். மிஷ்லே என்ற வரலாற்றாசிரியர் இந்த இரண்டு குன்றுகளையும் எதிரெதிரே நிறுத்திக் காட்டினார். தொழும் குன்று இது, உழைக்கும் குன்று அது என்பது அவ்வூர் வழக்கு.

மாப்பிள்ளை இதைச் சொன்னதும் நண்பர் சிரித்தார். “நம்ம ஊரிலே குன்று இல்லே தம்பி, தெருதான். ஒரு தெருவிலே தேரு, அடுத்த தெருவிலே பாவு!”

எத்தனை உண்மை! காஞ்சிக்கு நாளும் எத்தனை வண்டிகள்! ஏகாம்பரநாதர், கைலாசநாதர், காமாட்சி, வரதராசர் என்று வரிசையாய்ப் பார்க்கிறார்கள். பல்லவன் வெட்டிய கல்லை வியக்கிறார்கள். வியக்கத் தக்கதுதான், உளி பிடித்தவன் நம்மவன்தானே! பிறகு கடைத்தெருவில் இறங்கிப் புடவை எடுக்கிறார்கள். அந்தப் புடவை பிறந்த வீட்டை எவரேனும் எட்டிப் பார்க்கிறார்களா? தேர் போகும் தெருவுக்கு வழி கேட்கிறவர் ஆயிரம். தறி இருக்கும் தெருவுக்கு வழி கேட்கிறவர் எத்தனை பேர்?

குருவா-ரூஸ் குன்றில் ஏறினோம். வீடுகளைப் பார்த்ததும் நண்பர் நின்றுவிட்டார். ஒவ்வோர் அறையும் ஏறத்தாழ நான்கு மீட்டர் உயரம். செல்வச் செழிப்பால் வந்த உயரமல்ல. ஜக்கார்டு வைத்த தறி நிற்பதற்காகக் கட்டிய உயரம். தறிக்கு அத்தனை இடம்; நெய்தவன் குடும்பத்துக்கோ, அதே அறையில் மேலே பலகை அடித்துப் பரண். தறி சீராய் நிற்க, மனிதன் சுருண்டு படுத்தான்!

தெருவுக்குத் தெரு, வீட்டுக்குள்ளேயே புகுந்து மறுபக்கம் வெளியேறும் சந்துகள் இருக்கின்றன. ‘திராபூல்’ என்பது பெயர். நெய்த பட்டு மழையில் நனையாமல் வணிகர் வீட்டுக்குப் போய்ச் சேர அந்தச் சந்துகள் பயன்பட்டன. இரண்டாம் உலகப் போரில் நாட்டைப் பிடித்த நாசிகளை எதிர்த்தவர்களுக்கும் அவையே ஒளிவழிகளாயின.

‘கனூ’ என்பது அவ்வூர்ப் பட்டு நெசவாளிக்குப் பெயர். ‘கனூக்கள் இல்லம்’ என்ற அருங்காட்சியகத்தில்தான் நண்பர் அந்தத் தறியைக் கண்டு கூவினார். அங்கே ஒருவர் உட்கார்ந்து நெய்து காட்டினார். அட்டை நகர்ந்தது, துளை உள்ள இடத்தில் கொக்கி எழுந்தது, துளை இல்லாத இடத்தில் கிடந்தது, எழுந்த நூலின் அடியில் நாடா ஓடிற்று, பூ மலர்ந்தது.

அந்தத் தறியின் வரலாற்றைக் கேளுங்கள். முன்பெல்லாம், பூ விழுவதற்கு நூல்களைப் பிடித்திழுக்கத் தறிக்குப் பக்கத்தில் ஒரு சிறுவனோ சிறுமியோ நாள் முழுதும் நிற்கவேண்டும். லியோனில் 1752-ல் பிறந்த ஜக்கார்டு என்பவர், முன்னிருந்தோர் செய்த முயற்சிகளையெல்லாம் ஒன்றுகூட்டி, 1804-ல் இந்தப் பொறியை முடித்தார். நூலிழுத்த பிள்ளையின் வேலையைத் துளையட்டை ஏற்றது. வேலை போய்விடுமோ என்று நெசவாளர் அஞ்சி எதிர்த்தார்கள். இறுதியில் பொறி வென்றது. அவருக்கு நகரத்தின் பணத்திலிருந்து ஆண்டுக்கு 3,000 பிராங்க் உதவித்தொகை கிடைத்தது. இன்று அந்தக் குன்றின் சதுக்கத்தில் அவருக்குச் சிலை நிற்கிறது. அந்த அட்டையைக் கண்டுதான் இங்கிலாந்தின் பாபேஜ் தம் கணக்குப் பொறிக்கு வழி கண்டார். ஆக, இன்றைய கணிப்பொறிக்குப் பாட்டன் நம் தலைக்குமேல் தொங்கும் ஜக்கார்டு! ‘ஜக்கார்டு’ என்று நாம் தினமும் சொல்லும் சொல் ஒரு மனிதனின் பெயர் என்பது என் நண்பருக்கு அன்றுதான் தெரிந்தது.

நூலிழுத்த பிள்ளை என்றதும் அவர் முகம் மாறிற்று. “ஒன்பது வயசிலே என்னைத் தறியிலே உட்கார வச்சாங்க தம்பி. கோர்வைப் புடவைக்கு அந்தப் பக்கத்துக் கரை நாடாவைத் தள்ளணும். பள்ளிக்கூட மணி அடிக்கும், காதிலே கேட்கும், கால் நகராது” என்றார். உடலுக்கு ஒரு நாடா, கரைகளுக்கு இரண்டு நாடா என்று மூன்று நாடா ஓடும் நம் கோர்வையை உலகம் புகழ்கிறது. அந்தப் புகழுக்குள்ளே பள்ளிக்கூடம் போகாத எத்தனை பிள்ளைகளின் ஒன்பது வயது நெய்யப்பட்டிருக்கிறது!

இனி, நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன்.

1831-ஆம் ஆண்டு. லியோனில் சுமார் 8,000 தறிக்காரர்கள். அவர்களிடம் கூலிக்கு நெய்வோர் சுமார் 30,000 பேர். தறி நெசவாளியுடையது, பட்டு வணிகனுடையது. நூலைக் கொடுப்பவனும் அவனே, துணியை வாங்குபவனும் அவனே, கூலியை விதிப்பவனும் அவனே. கேட்ட மாதிரி இருக்கிறதல்லவா? பதினான்கு, பதினைந்து மணி நேரம் உழைத்தும் வயிறு நிறையவில்லை. நெசவாளர்கள் கூடினார்கள். 1828 முதலே ‘பரஸ்பரக் கடமை’ என்ற பொருளில் பெயர் வைத்த சங்கம் அவர்களுக்கு இருந்தது. அந்த அக்டோபரில் தங்களுக்கென்று ஒரு வார ஏட்டையும் தொடங்கினார்கள். ‘தொழிற்சாலையின் எதிரொலி’ என்று பொருள்படும் பெயர் அதற்கு. 1942-ல் நம் காஞ்சியிலிருந்து அண்ணா ‘திராவிட நாடு’ இதழைத் தொடங்கியதை எண்ணிப் பாருங்கள்! உழைப்பவனுக்குப் பேச வாய் வேண்டும்; ஏடு அவனுக்கு வாய்.

இன்ன துணிக்கு இன்ன கூலி, இதற்குக் குறையக் கூடாது என்று ஒரு பட்டியல் கேட்டார்கள். மாவட்ட ஆட்சித் தலைவர் இரு தரப்பையும் உட்கார வைத்தார். அக்டோபர் 25 அன்று பட்டியல் முடிவாயிற்று. அன்றிரவு குருவா-ரூஸ் குன்றிலே கொண்டாட்டம்! ஆனால், வணிகரில் ஒரு நூறு பேர் மறுத்தார்கள். வணிகத்தில் அரசு தலையிடலாமா, சுதந்திரம் என்ன ஆவது என்று தத்துவம் பேசினார்கள். பசிக்கிறவன் கூலி கேட்டால் மட்டும் பணக்காரனுக்குச் சுதந்திரத்தின் நினைவு வந்துவிடுகிறது!

நவம்பர் 21. நெசவாளர்கள் குன்றை விட்டிறங்கினார்கள். துப்பாக்கி வெடித்தது. கறுப்புக்கொடி எழுந்தது. “உழைத்து வாழ்வோம், இல்லையேல் போரிட்டுச் சாவோம்” என்பது அந்தக் கொடியின் வாசகம். இரண்டு நாள் சண்டையில் இரு பக்கமும் சேர்த்து நூற்றைம்பது பேருக்கு மேல் மாண்டனர். படை பின்வாங்கிற்று. நகரம் நெசவாளர் கையில்! கொள்ளை அடித்தார்களா? இல்லை, காவல் நின்றார்கள். ஊர் முழுவதும் கையில் இருந்தபோது, அவர்கள் கேட்டது அந்தக் கூலிப் பட்டியல் ஒன்றைத்தான்.

டிசம்பர் 3 அன்று, போர் அமைச்சரும் அரசனின் மகனும் இருபதாயிரம் படையோடு வந்தார்கள். பட்டியல் கிழிந்தது. பட்டியலுக்கு உதவிய ஆட்சித் தலைவர் பதவி இழந்தார். 1834 ஏப்ரலில் மீண்டும் எழுந்தார்கள். சங்கங்களை ஒடுக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றிக்கொண்டிருந்த வாரம் அது. இம்முறை பீரங்கி பேசிற்று. மாண்டோர் சுமார் முந்நூறு. அவர்களுடைய ஏடும் அடுத்த மாதத்தோடு நின்றது.

ஏன் தோற்றார்கள்? வீரம் குறைவா? இல்லை. ஊரைப் பிடிக்கத் தெரிந்தது. சட்டத்தைப் பிடிக்க வழி இல்லை. அந்நாளில் பிரான்சில் ஆண்டுக்கு 200 பிராங்க் நேரடி வரி கட்டுவோருக்கே பாராளுமன்றத்துக்கு வாக்குண்டு. நெசவாளிக்கு வாக்குச்சீட்டு இல்லை. ஆகவே கறுப்புக்கொடியை எடுத்தான். ஆண்கள் அனைவருக்கும் வாக்கு வர 1848 ஆயிற்று. சங்கம் அமைப்பது சட்டப்படி உரிமையாக 1884 ஆயிற்று. பெண்களுக்கு வாக்கு வர 1944 ஆயிற்று. குண்டடி பட்ட தலைமுறைக்குக் கிடைக்காதது பேரப்பிள்ளைகளுக்குக் கிடைத்தது.

அருங்காட்சியகத்தில் நண்பர் என்னிடம் திரும்பத் திரும்பப் பேசியது சண்டையைப் பற்றியல்ல. ஒரு கணக்குப் புத்தகத்தைப் பற்றி. லியோனில் தறிக்காரனுக்கும் வணிகனுக்கும் வழக்கு வந்தால் தீர்க்க, 1806-லேயே ஒரு பஞ்சாயத்து மன்றம் ஏற்பட்டது. கொடுத்த பட்டின் எடை, பேசிய கூலி, வாங்கிய முன்பணம் எல்லாம் புத்தகத்தில் ஏறவேண்டும்; வணிகனிடம் ஒன்று, தறிக்காரனிடம் ஒன்று. மன்றத்தில் உறுப்பினர் எத்தனை பேர் என்று கேட்டார் நண்பர். வணிகர் ஐவர், தறிக்காரர் நால்வர் என்று தொடங்கியது; கூலிக்கு நெய்தவனுக்கு இடமே இல்லை. “அஞ்சுக்கு நாலா! அப்போ தீர்ப்பு முதல்லேயே எழுதியாச்சு” என்றார். அத்தனை குறையிருந்தும், புத்தகம் நெசவாளி கையில் இருந்தது. அதை நீட்டிக் கேட்க அவனுக்கு ஓர் இடம் இருந்தது.

“எனக்கு முப்பது வருஷத்துக் கணக்கு எங்கே இருக்கு தெரியுமா? முதலாளி வீட்டு நோட்டிலே. அவர் ‘இத்தனை பாக்கி’ என்பார். நான் ‘சரிங்க’ என்பேன்.”

திரும்பும் ரயிலில் அவர் நெடுநேரம் பேசவில்லை. புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பு, மகன் அவரிடம், “தறியைப் பிரித்துப் போட்டுவிட்டுக் கம்பெனிக்குக் காவலாளி வேலைக்குப் போங்கள்” என்று சொல்லியிருந்தான். அவரும் பாதி மனம் வைத்திருந்தார். அருங்காட்சியகத்தில் அவர் கேட்ட கடைசிக் கேள்வி, “இப்போ இந்த ஊரிலே கையால் நெய்யறவங்க எத்தனை பேர்?” என்பதுதான். விரல்விட்டு எண்ணலாம் என்றார்கள். ஆயிரமாயிரம் தறிகள் பாடிய குன்றிலே, இன்று தறியோசை கேட்கச் சீட்டு வாங்கவேண்டும்!

தோழர்களே! நம் காஞ்சிக்கும் அந்த நாள் வரவேண்டுமா? சீட்டு வாங்கிப் பார்க்கும் காட்சிப் பொருளாக நம் தறி ஆகவேண்டுமா?

நமக்கு என்ன இல்லை? வாக்கு இருக்கிறது. 1918-லேயே சென்னையில் ஆலை நெசவாளரைச் சேர்த்துத் தொழிற்சங்கம் கண்டவர்கள் நாம். லியோனில் 1835-ல் கூட்டுறவுக் கடை ஒன்று தொடங்கி, சில ஆண்டுகளில் மூடப்பட்டது; சரியாக நூறாண்டு கழித்து, 1935-ல், இங்கே கோ-ஆப்டெக்ஸ் தோன்றியது, இன்றும் நிற்கிறது. 1953-ல், கைத்தறி தேங்கி நெசவாளி வாடியபோது, காஞ்சியில் நெசவாளர் குடியில் பிறந்த அண்ணா தோளில் துணி சுமந்து தெருத்தெருவாய் விற்றார். கைத்தறிக்கென ஒதுக்கிய வகைகளை விசைத்தறி நெய்யக்கூடாது என்று 1985-ல் சட்டம் வந்தது. காஞ்சிபுரம் பட்டு என்ற பெயருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஏட்டில் எல்லாம் இருக்கிறது! ஆனால் விசைத்தறிப் புடவை காஞ்சிப் பட்டென்ற பெயரிலே விலைபோகிறதே, ஏன்? பேசிய கூலி ஒன்று, கைக்கு வந்த கூலி ஒன்றாய் இருக்கிறதே, ஏன்? லியோன் சொல்லும் பாடம் அதுதான். பட்டியல் எழுதியதால் மட்டும் கூலி வந்துவிடாது. எழுதியதைக் கையில் வைத்திருக்க வேண்டும், நீட்டிக் கேட்க வேண்டும், கேட்கும்போது பக்கத்தில் பத்துப் பேர் நிற்க வேண்டும்.

ஊர் திரும்பிய மறுவாரம் நண்பர் ஒரு காரியம் செய்தார். கடைத்தெருவில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினார். முதலாளி வீட்டுக்குப் போனார். “இந்தப் பாவுக்குக் கொடுத்த பட்டு எத்தனை, சரிகை எத்தனை, கூலி எத்தனை, பாக்கி எத்தனை, இதிலே எழுதிக் கையெழுத்துப் போடுங்க” என்றார். முதலாளி ஏற இறங்கப் பார்த்தார். “சீமைக்குப் போய் வந்த திமிரா?” என்றார். “இல்லீங்க, சீமைக்குப் போய் வந்த கணக்கு” என்றார் இவர். முணுமுணுத்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார் முதலாளி. இவர் கணக்கில் அதுவரை இருந்த பாக்கியில் ஒரு பகுதி, எழுதும்போது எங்கோ மறைந்து போயிற்று! இன்று அந்தத் தெருவிலே ஏழு வீட்டில் நோட்டு இருக்கிறது. தறியைப் பிரிக்கும் பேச்சு நின்றது. மகன் இன்னும் தறியில் உட்காரவில்லை. ஆனால் அப்பாவின் நோட்டில் கூட்டிப் பார்த்துத் தருகிறான்.

ஏழு நோட்டு பெரிதா என்று கேட்காதீர்கள். ஏழு வீடு எழுபது வீடானால் அது தெரு. எழுநூறானால் அது சங்கம்.

கோபுரம் பார்க்க அண்ணாந்து நிற்கும் நண்பர்களே! தறிக்குழியைப் பார்க்கக் கொஞ்சம் குனியுங்கள். நெசவாளத் தோழர்களே! லியோனிலிருந்து ஜக்கார்டு வந்தது; அதை நம் தலைக்குமேல் ஏற்றி வைத்துக்கொண்டோம். அந்த ஊர்க்காரன் உயிரைக் கொடுத்துக் கேட்ட கூலிப் பட்டியல் இன்னும் நம் கைக்கு முழுதாய் வந்து சேரவில்லை. கேட்பதற்கு நமக்குக் கறுப்புக்கொடி வேண்டாம், துப்பாக்கி வேண்டாம். ஒரு நோட்டு வேண்டும், ஒரு சங்கம் வேண்டும், தலை நிமிர்ந்து ஒரு சொல் வேண்டும்.

நாளைக்குப் பாவு வாங்கப் போகும்போது நோட்டை மறவாதீர்கள்!